1968 அம்பாசடருக்கு சிந்தெடிக் ஆயில் ஊற்றலாமா?

தாத்தா வாங்கிய 1968 மார்க் 2 அம்பாசடர் இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. ஆயில் கடைக்காரர் 5டபிள்யூ30 ஃபுல்லி சிந்தெடிக்கைப் பரிந்துரைக்கிறார். எஞ்சின், கியர் பாக்ஸ், பிரேக், ரேடியேட்டர் என எல்லாவற்றிலும் விலை உயர்ந்த சிந்தெடிக் சரக்கையே ஊற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். வண்டியின் மீதுள்ள பாசத்தில்தான் இப்படிக் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஒரு திரவத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது அது எந்த உலோகத்தையும் எந்த ரப்பரையும் தொடப்போகிறது என்பதைத்தான். சிந்தெடிக்கா (செயற்கையாகத் தயாரித்ததா), மினரலா (கச்சா எண்ணெயிலிருந்து சுத்திகரித்ததா) என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எஞ்சினை எடுத்துக்கொள்வோம். உங்கள் வண்டியில் இருப்பது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியில் வந்த 1489 சிசி பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) எஞ்சின். இதில் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டும் அது தள்ளும் டேப்பெட்டும் உருளை எதுவும் இல்லாமல் நேருக்கு நேர் உரசியே வேலை செய்கின்றன. அந்த இடத்தில் அழுத்தம் மிக அதிகம். அங்கே உலோகத்தைக் காப்பாற்றுவது ஆயிலில் கலந்திருக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மம். ஆயில் கடைகளில் சுருக்கமாக ‘ஜிங்க்’ என்பார்கள். பாஸ்பரஸ் புதிய கார்களில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால், 2004-இல் வந்த ஏபிஐ எஸ்எம் தரம் (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஆயில் தரம்) 5டபிள்யூ30 போன்ற மெல்லிய ஆயில்களில் அதை 0.08 சதவீதத்துக்குள் நிறுத்திவிட்டது. உங்கள் வண்டியில் கன்வெர்ட்டரே கிடையாது. அதற்காகக் குறைக்கப்பட்ட ஆயிலை ஊற்றி கேம்ஷாஃப்டை எதற்குத் தேயவிட வேண்டும்? உங்கள் வண்டிக்கு ஏற்ற கனமான 20டபிள்யூ50-க்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது. ஆனாலும் எல்லா டப்பாவிலும் ஜிங்க் ஒரே அளவில் இருக்காது என்பதால், தயாரிப்பாளரின் விவரத் தாளைப் பாருங்கள். பாஸ்பரஸ் 0.1 சதவீதத்தை ஒட்டியோ சற்று மேலோ இருந்தால் நிம்மதியாக ஊற்றலாம்.

5டபிள்யூ என்ற எண் குளிரில் ஸ்டார்ட் செய்வதற்கானது. மைனஸ் 30 டிகிரியில் சோதித்துத் தரும் எண் அது. 20டபிள்யூ ஆயிலுக்கு அந்தச் சோதனை மைனஸ் 15-இல் நடக்கிறது. மார்கழியில் ஊட்டிக்கு ஓட்டிப் போனாலும் உங்களுக்கு 20டபிள்யூ தாராளம். ஆனால் ‘50’ என்ற பின் எண்ணை விட்டுக்கொடுக்காதீர்கள். தேய்ந்த பேரிங்குகளின் இடைவெளியில் சூட்டிலும் படலம் அறாமல் நிற்க அந்தக் கனம் வேண்டும். மேலும், இந்த எஞ்சினில் கிரேங்க்ஷாஃப்டின் பின்முனையில் இன்றைய ரப்பர் சீல் கிடையாது. தண்டிலேயே வெட்டப்பட்ட திருகு மரைதான் சுழன்று சுழன்று ஆயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. மெல்லிய ஆயில் ஊற்றினால், வண்டி நிற்கும் இடத்தில் தரையில் கறை பெரிதாகும். அதைப் பார்த்து சிந்தெடிக் சீலைத் தின்றுவிட்டது என்பார்கள். தின்பதற்கு அங்கே சீலே இல்லை.

சிந்தெடிக் 20டபிள்யூ50 கிடைத்தால்? சிலிண்டரைக் கடைந்து போர் எடுத்து, பேரிங் மாற்றி, மினரல் ஆயிலில் ரன்னிங்-இன் (புதுப் பாகங்கள் படியும்வரை மெதுவாக ஓட்டுவது) முடித்த எஞ்சினாக இருந்தால் ஊற்றலாம், கெடுதல் இல்லை. ஆனால் சிந்தெடிக்கின் பெரிய பலன் நீண்ட நாள் உழைப்பது. கார்புரேட்டர் வண்டியில் சோக் இழுத்து ஸ்டார்ட் செய்யும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் இறங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் வண்டியில் ஈரமும் சேரும். ஆகவே எந்த ஆயிலாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றித்தான் ஆக வேண்டும். அந்தப் பணத்தில் நல்ல மினரல் ஆயிலும் ஃபில்டரும் வாங்குவதே என் தேர்வு.

அடுத்தது கியர் பாக்ஸ். பழைய வண்டிகளில் அதிகம் பாழாவது இங்கேதான் என்பது என் எண்ணம். கியர் ஆயிலின் தரம் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று டப்பாவில் இருப்பதைப் பார்த்து, எண் பெரிதாக இருப்பதால் உயர்ந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். ஜிஎல்-5-இல் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் ஏறத்தாழ இரு மடங்கு. சூட்டில் அந்தக் கந்தகம் பித்தளையையும் வெண்கலத்தையும் அரிக்கக்கூடியது. கியர் மாறும்போது பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கும் சின்க்ரோ வளையங்கள் செய்யப்பட்டிருப்பது அந்த உலோகங்களில்தான். பழைய ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் வடித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பொன் தூளைக் கலக்கியது போல மினுமினுத்தால் அது சின்க்ரோவிலிருந்தோ புஷ்ஷிலிருந்தோ வந்த உலோகம். கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4 போதும். அந்தக் காலத்து பிஎம்சி கியர் பாக்ஸ்கள் பலவற்றுக்கு எஞ்சின் ஆயிலையே ஊற்றச் சொன்னார்கள் என்பதால், வண்டியோடு வந்த கையேடு கிடைத்தால் அது சொல்வதே முடிவு.

பின் ஆக்ஸிலில் கதை தலைகீழ். அங்கே இருப்பது ஹைபாய்டு பற்சக்கரம். பற்கள் உருள்வதோடு ஒன்றன் மீது ஒன்று வழுக்கியும் போகின்றன. அங்கே ஜிஎல்-5 தரத்தில் 90 ஆயில் சரியானது, ஜிஎல்-4 பற்றாது. இரண்டுக்கும் ஒரே டப்பா என்று மெக்கானிக் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ரேடியேட்டர் செம்பும் பித்தளையும் ஈயம் கலந்த பற்றால் (சால்டரால்) ஒட்டப்பட்டது. ‘லாங் லைஃப்’ என்று விற்கும் கரிம அமில கூலன்டுகள் இன்றைய அலுமினிய ரேடியேட்டர்களுக்காக உருவானவை. அவை அந்தப் பற்றை அரிக்கக்கூடும். சிலிகேட் கலந்த பழைய வகை கூலன்டை வாலை வடிநீரில் (டிஸ்டில்டு வாட்டரில்) கலந்து ஊற்றி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். நிறத்தை நம்பி வாங்க வேண்டாம். நிறத்துக்குப் பொதுவான விதி கிடையாது. போர் தண்ணீர் மட்டும் கூடவே கூடாது. அதன் உப்பு குழாய்களுக்குள் படிந்துவிட்டால் கோடையில் டிராஃபிக்கில் நிற்கவே முடியாது.

பிரேக் ஆயிலில் நீங்கள் கேட்கும் மாற்றம் ஏற்கெனவே நடந்துவிட்டது: டப்பாவில் டாட் என்று குறிக்கும் தரங்களில் டாட் 3, டாட் 4 இரண்டுமே செயற்கைத் திரவங்கள்தான். டாட் 4 போதும். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் குடித்த பிறகு 155 வரை இறங்கலாம். ஈரத்தைக் குடிப்பது அதன் இயல்பு என்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். டாட் 5 மட்டும் சிலிகோன் வகை. அது பெயின்டைத் தொடாது, ஈரம் குடிக்காது என்பதால் ஷெட்டில் நிற்கும் வண்டிகளுக்குச் சிலர் விரும்புகிறார்கள். ஆனால் அது டாட் 4-உடன் கலக்காது; மாற்றுவதென்றால் எல்லா ரப்பரையும் மாற்றி, குழாய்களைச் சுத்தமாகத் துடைத்தாக வேண்டும். டாட் 5.1 என்பது சிலிகோன் அல்ல. பெயர் ஒன்றுபோல இருப்பதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், கவனம்.

வண்டி பல ஆண்டுகள் நின்றிருந்தால் வேலையைப் பிரேக்கிலிருந்து தொடங்குங்கள். மாஸ்டர் சிலிண்டரையும் நான்கு சக்கரங்களின் வீல் சிலிண்டர்களையும் பிரித்து, துருவும் ரப்பரும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து, புது ரப்பர் கிட் போட்டு, புது டாட் 4 ஊற்றி, குழாய்களில் சிக்கிய ஏர் எடுத்த பிறகு எஞ்சின் ஆயில் வாங்கப் போகலாம்.