“தோட்டத்துக்குள்ள ஓட்ட பேப்பர் எதுக்கு?” – பழைய ஜீப் வாங்குமுன்

கேள்வி: ஐயா, தாண்டிக்குடி பக்கம் எனக்கு நாலு ஏக்கரில் காபியும் மலைவாழையும் இருக்கு. உரமூட்டை ஏற்றவும் வாழைத்தார் இறக்கவும் ஒரு பழைய ஃபோர் வீல் ஜீப் தேடினேன். 1996 மாடல் மஹிந்திரா, கேரளப் பதிவு, 1,40,000 ரூபாய் என்று ஒரு புரோக்கர் சொன்னார். ஆர்சி புக்கில் வேறு யாரோ பெயர். புக் காலாவதி ஆகிவிட்டது, இன்ஜினும் மாற்றியது. “தோட்டத்துக்குள்ள ஓட்ட பேப்பர் எதுக்கு?” என்கிறார். 20,000 ரூபாய் ஜிபேயில் அட்வான்ஸ் போட்டுவிட்டேன். வாங்கலாமா?

பதில்: மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். இந்த விலைக்கு ஜீப் கிடைப்பதே பேப்பர் சரியில்லாததால்தான்.

புரோக்கர் சொல்வது சட்டப்படி தவறு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 39 பொது இடத்தை மட்டும் சொல்லவில்லை. “வேறு எந்த இடத்திலும்” பதிவில்லாத வண்டியை ஓட்டக் கூடாது என்கிறது. தொழிற்சாலை போன்ற அடைத்த வளாகத்துக்குள் மட்டும் ஓடுவதற்கென்றே தனியாக அமைத்த வண்டிக்கு விலக்கு உண்டு. சாதாரண ஜீப் அதில் சேராது. அதுவும் போக, தாரை ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டுக்கு இறங்காமல் உங்களுக்கு வேலை நடக்குமா? ரோட்டில் பிடித்தால் பிரிவு 192-இல் முதல் முறை 5,000 ரூபாய் வரை அபராதம், இன்சூரன்ஸ் இல்லாததற்கு அபராதம் தனி.

பெயர் மாற்றத்துக்கு ஆர்சியில் இருப்பவரே படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட வேண்டும். கேரள வண்டி என்பதால் அங்கிருந்து என்ஓசி எனும் தடையில்லாச் சான்றும் (படிவம் 28) வாங்க வேண்டும். அதன்பிறகு தமிழ்நாட்டு வரி, புது எண். கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் படிவங்களை நீட்டினால் வாங்காதீர்கள். ஆர்சியில் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா, ஃபைனான்ஸ் பாக்கி இருக்கிறதா என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. அவரை நேரில் பார்க்க முடியாவிட்டால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

காலாவதியான புக்கைப் புதுப்பிக்கலாம். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்துத் திருப்தியானால் ஐந்து ஆண்டு கிடைக்கும். ஆனால் 20 ஆண்டு தாண்டிய இலகுரக வண்டிக்கு மத்திய விதியின் புதுப்பிப்புக் கட்டணம் 2025-இல் 10,000 ரூபாய் ஆனது. பசுமை வரியும் உண்டு.

உண்மையில் சிக்கல் இன்ஜினில்தான். அதே வகை இன்ஜினை, வாங்கிய பில்லோடு போட்டிருந்தால் ஆர்டிஓவில் சொல்லிப் புது எண்ணைப் புக்கில் ஏற்ற வழி இருக்கிறது. ஆனால் கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைப் பிரிவு 52 தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஹரியானாவின் மண்டி டப்வாலி போன்ற ஊர்களில் பழைய பாகங்களைச் சேர்த்துக் கட்டி விற்கும் ஜீப்புகளை ஆன்லைனில் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

எந்த ஜீப்பைப் பார்த்தாலும் ஃப்ரேமில் அடித்திருக்கும் சேசிஸ் நம்பரைத் துருவைத் துடைத்துப் பாருங்கள். மேலே வெள்ளைத்தாளை வைத்து பென்சிலால் தேய்த்தால் எண்கள் எழும்பும். அவை ஒரே ஆழத்தில் இல்லாமலோ, சுற்றிலும் கிரைண்டர் தடம் தெரிந்தாலோ, அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். திருட்டு வண்டி என்று தெரிந்து, அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்தும் வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 317-இல் மூன்று ஆண்டு வரை சிறை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், எனக்கு அதுதான் பெரிய கவலை. பறிப்புக் காலத்தில் கூலி ஆட்களைப் பின்னால் உட்காரவைத்து அழைத்துப் போவீர்கள். மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்தால், வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி வெளியே இருப்பவர்களுக்குத்தான் பணம் தரும். வண்டிக்குள் இருந்தவர்களுக்குத் தராது. அந்த நஷ்டஈடு உங்கள் நிலத்தின் மேல் வந்து நிற்கும். முழு பேக்கேஜ் பாலிசியில் உள்ளே இருப்பவர்களுக்கும் பாதுகாப்பு உண்டு என்று 2012-இல் பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இத்தனை பழைய வண்டிக்குப் பேக்கேஜ் தர கம்பெனிகள் தயங்கும். அதனால் வாங்குமுன்பே இன்சூரன்ஸ் ஏஜென்டிடம் ஆர்சி நகலைக் காட்டிக் கேளுங்கள். பாலிசியில் எழுதிய ஆட்களுக்கு மேல் ஒருவரைக்கூட ஏற்றாதீர்கள். சொந்த உபயோகப் பதிவில் பக்கத்துத் தோட்டத்துச் சரக்கை வாடகைக்கு ஏற்றினாலும் பாலிசி கைவிடும்.

கூடுதலாக ஐம்பது, அறுபதாயிரம் போனாலும் தமிழ்நாட்டுப் பதிவு, உயிரோடுள்ள ஆர்சி, உரிமையாளர் நேரில் நிற்கும் வண்டியாகப் பாருங்கள். துருப்பிடித்த பாடியை வெல்டர் சரிசெய்துவிடுவார். பேப்பரைச் சரிசெய்ய ஆளில்லை.

அட்வான்ஸுக்கு: “பேப்பர் இல்லை என்பதை மறைத்து வாங்கிய பணம், ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன், 15 நாளில் திருப்பித் தரவும்” என்று புரோக்கருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். அட்வான்ஸ் கொடுத்த அன்று ஆர்சியைக் காட்டினாரா, பேப்பர் பற்றி என்ன சொன்னார் என்பதைத் தேதியோடு எழுதி வையுங்கள். எல்லாம் தெரிந்தே கொடுத்தீர்கள் என்றால் உங்கள் கை கொஞ்சம் இறங்கும். ஜிபே ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காதீர்கள். தரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.