ஆளுமைத் தேர்வும் இரண்டாம் நேர்காணலும்

அன்புள்ள ஐயா,

குலசேகரத்தில் ஒரு ரப்பர் ஷீட் கடையில் மூன்று ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். நாகர்கோவிலில் ஒரு நிதி நிறுவனத்தின் முதல் நேர்காணலில் தேறிவிட்டேன். அடுத்த வாரம் ஆளுமைத் தேர்வும், அதை ஒட்டி இரண்டாம் நேர்காணலும் இருக்கின்றன. நான் அதிகம் பேசாதவன். எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளையாகத் தோன்றும் விடையையே குறித்துவிடு என்கிறான் நண்பன். அது சரியா?

ர., குலசேகரம்

அன்புள்ள ர.,

உங்கள் நண்பரின் யோசனையை ஒரு காலத்தில் நம்பிக் கெட்டவன் நான். வேலை தேடி அலைந்த நாட்களில் ஒரு நிறுவனம் தந்த தாளில், ‘நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை’, ‘எனக்கு யார்மீதும் கோபம் வந்ததில்லை’ என்பவற்றுக்கெல்லாம் ‘முற்றிலும் சரி’ என்று குறித்துவிட்டுப் பெருமையோடு எழுந்து வந்தேன். எதிரே இருந்த பெரியவர் தாளைப் பார்த்துவிட்டு, “வீட்டில்கூடவா தம்பி கோபம் வந்ததில்லை?” என்று மட்டும் கேட்டார். வேலை கிடைக்கவில்லை.

அவ்வகை வாக்கியங்கள் தற்செயலாக இடம்பெறுபவை அல்ல. 1943-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த ஆளுமை வினாத்தொகுப்பிலேயே, தன்னை அளவுமீறி நல்லவராகக் காட்டுபவரைக் கண்டுகொள்ளத் தனி அளவுகோல் இருந்தது. அது மனநல மருத்துவத்துக்காக உருவானது; ஆனால் அந்த உத்தி வேலைக்கு ஆளெடுக்கும் தேர்வுகள் பலவற்றிலும் தொடர்கிறது. போதாததற்கு, கேட்டதையே முப்பது கேள்வி தள்ளி வேறு சொற்களில் கேட்பார்கள். வேஷம் கலைவது அங்கேதான்.

அதிகம் பேசாததைக் குறையாக நினைத்துக் கலகலப்பானவர்போல் குறிக்க வேண்டாம். பாரிக், மவுண்ட் என்ற ஆய்வாளர்கள் 1991-இல் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எல்லா வகைப் பணிகளிலும் செயல்திறனோடு தொடர்புடையதாகத் தென்பட்ட குணம் பொறுப்புணர்வுதான். கலகலப்பு, விற்பனையிலும் மேலாண்மையிலும்தான் கைகொடுத்தது. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள் என்று சொல்லி நழுவவும் எனக்கு மனமில்லை. கல்யாண வீட்டில் இருக்கும் நீங்களும் கடையில் இருக்கும் நீங்களும் ஒருவர் அல்லர். கடையில் இருப்பவரை மனத்தில் வைத்துக் குறியுங்கள்.

நேர்காணலில் அந்த விடைகளைக் கையில் வைத்துக்கொண்டே கேள்வி கேட்கக்கூடும். பொறுமைசாலி என்று குறித்திருந்தால், எப்போது பொறுத்தீர்கள் என்பார்கள். சரியாகக் காயாத ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். அதைக் காட்டி விலையைக் குறைக்கும்போது, விடியுமுன் எழுந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டிய மனிதருக்குக் கோபம் வரத்தான் செய்யும். அவரிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள், அடுத்த வாரம் அவர் ஷீட்டோடு திரும்ப வந்தாரா என்பதை நாலு வாக்கியத்தில் சொல்லிப் பழகுங்கள். நகைக்கடன் வட்டி கட்ட முடியாமல் வந்து நிற்பவரிடம் பேசுவதும் ஏறக்குறைய அதே வேலைதான்.

மாத இலக்கு எவ்வளவு, வசூலுக்கு வெளியே போக வேண்டியிருக்குமா என்பதை அன்றே கேட்டுவிடுங்கள். அதிகம் பேசாதவர்கள் கேட்காமல் விட்டுவிட்டுப் பிறகு வருந்துவது இதற்குத்தான்.