செயின்ட் கிளவுட் – கடிதம்

வணக்கம். நீங்கள் பாராட்டி எழுதியதைப் பார்த்து அமெரிக்கப் பாடகி வாக்ஸஹாட்சியின் 'செயின்ட் கிளவுட்' ஆல்பத்தைக் கேட்டேன். ராக் என்கிறீர்கள், அதிர்கிற மாதிரி ஒரு கிட்டார் சோலோ இல்லை. அமெரிக்கானா (கன்ட்ரி, நாட்டுப்புறப் பாட்டு வேர்களிலிருந்து வந்த அமெரிக்க இசை) என்கிறீர்கள், கன்ட்ரி பாட்டு மாதிரியும் இல்லை. எங்காவது பாட்டு ஏறும் என்று காத்திருந்ததுதான் மிச்சம். இதில் அப்படி என்ன இருக்கிறது?

ஆர்., ஓசூர்

அன்புள்ள ஆர்.,

ஏற்றத் தெரியாதவர் இல்லை கேட்டி கிரட்ச்ஃபீல்டு (வாக்ஸஹாட்சி என்பது அவர் பாடும் பெயர், அலபாமாவில் உள்ள ஓர் ஓடையின் பெயர்). 2017இல் வந்த 'அவுட் இன் த ஸ்டார்ம்' பெரும்பாலும் இரைச்சல் கிட்டார்தான். 2018இல் குடியை விட்டார். 2020 மார்ச்சில் இந்த ஆல்பம் வந்தது. பங்க் (வேகமும் இரைச்சலுமான ராக்) குழுக்களில் வளர்ந்தவர், அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களுக்கே உரிய தன் ஊர்ப் பேச்சின் இழுவையை இதில்தான் தாராளமாக விட்டுப் பாடுகிறார். என் காதுக்கு இதில் அமெரிக்கானா என்பது வாத்தியத்தைவிட அந்த இழுவையில்தான் இருக்கிறது.

சரி, ராக் எங்கே? 'லைலாக்ஸ்' பாட்டை டிரம்ஸுக்காக மட்டும் ஒருமுறை கேளுங்கள். டெட்ராய்ட்டின் பானி டூன் குழுவினர் கூட வாசிக்கிறார்கள். தாளம் நேராகப் போகிறது, கிட்டார் குரலுக்கு வழிவிட்டு ஓரமாக நடக்கிறது. கச்சேரிகளில் மிருதங்கக்காரரைப் 'பாட்டுக்கு வாசிக்கிறார்' என்று மெச்சுவோமே, அதேதான். ஏற்றமெல்லாம் குரலுக்கு. 'ஃபயர்' பாட்டில் எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் நிற்கிறார். வெஸ்ட் மெம்ஃபிஸிலிருந்து மிசிசிப்பிப் பாலத்தைக் கடந்து மெம்ஃபிஸுக்குள் போகும்போது தோன்றிய பாட்டு அது. தன்னை நேசிக்கத் தனக்கே சொல்லிக்கொள்கிற பாட்டு.

எல்லாப் பாட்டும் அந்த உயரமில்லை. 'விட்செஸ்' எனக்கும் ஒட்டவில்லை.

ஆனால் 'ஆர்க்கடெல்பியா'வை வரிகளோடு கேளுங்கள். காரை எடுத்துக்கொண்டு ஊரைத் தாண்டிப் போகிறார். பழைய டிரெய்லர் குடியிருப்பு, பட்டாசு, மடக்கு நாற்காலிகள், அமெரிக்கக் கொடி, பை 5 டாலருக்குத் தக்காளி. போதையில் மூழ்கும் ஒருவரைப் பற்றிய பாட்டு இது. ஆனால் அழுகையோ அறிவுரையோ இல்லை, தக்காளி விலை இருக்கிறது. இந்த இடத்தில் ஒரு சோலோ வந்திருந்தால் நான் பாட்டை நிறுத்தியிருப்பேன்.

அதற்கப்புறமும் ஒன்றும் தோன்றவில்லை என்றால் விட்டுவிடுங்கள். நீங்கள் கேட்கிற சத்தத்துக்கு அந்த 2017 ஆல்பமே சரி. 'நெவர் பீன் ராங்'கில் ஆரம்பியுங்கள்.