வாசகர் கேள்வி – பதில்: ஒரே பக்கத் துடுப்பு

கே: 14 வயது மகள் கயாக்கிலிருந்து (உட்கார்ந்து இருபக்கமும் துடுப்புப் போடும் பந்தயப் படகு) கனூவுக்கு (ஒரு முழங்காலை ஊன்றி ஒரே பக்கம் துடுப்புப் போடும் படகு) மாறுகிறாள். காலமெல்லாம் ஒரே பக்கம் துடுப்புப் போட்டால் உடம்பு கோணிவிடாதா?

ப: கவனிக்காவிட்டால் கோணும். வலப்பக்கம் துடுப்புப் போடுபவர் வலது முழங்காலை ஊன்றி, இடது பாதத்தை முன்னே வைக்கிறார். பந்தய வாழ்க்கை முழுக்க அதே பக்கம்தான். முதுகில் ஒருபுறத் தசை பருக்கும். ஊன்றிய காலின் இடுப்பு முன்தசை இறுகி, கீழ்முதுகைப் பிடித்து இழுக்கும். ஜிம்மில் ஒற்றைக்கை, ஒற்றைக்கால் பயிற்சிகளை இருபுறமும் சமமாகச் செய்யட்டும். தண்ணீரை விட்டு ஏறியதும் அந்த இடுப்புத் தசையை நீட்டித் தளர்த்தட்டும். முழங்கால் வைக்கும் நுரைத் திண்டு அவள் காலுக்கேற்பச் செதுக்கப்பட வேண்டும். கடினமாக இருந்தால் முட்டி வீங்கும். மெத்தென்று இருந்தால் தள்ளும் பலம் படகுக்குப் போய்ச் சேராது.

கே: படகு ஒரு பக்கமாகவே திரும்புகிறது. சுக்கான் பொருத்தலாமா?

ப: கூடாது. சுக்கான் கயாக்குக்குத்தான் உண்டு. கனூவில் துடுப்புதான் சுக்கான். வலப்பக்கம் இழுத்தால் படகின் முன்முனை இடப்பக்கம் ஓடும். இழுப்பின் கடைசியில் மேல்கைக் கட்டைவிரலைக் கீழ்நோக்கித் திருப்பி, அலகை (துடுப்பின் தட்டையான முனை) லேசாக வெளியே தள்ளினால் நேராகும். புதியவர்கள் இதை அளவுக்கு மீறிச் செய்வதால் ஒவ்வொரு இழுப்பிலும் பிரேக் விழுகிறது. இன்னொரு கோளாறு, அலகை இடுப்புக்குப் பின்னாலும் இழுப்பது. அங்கே அது தண்ணீரைத் தூக்குகிறது, பின்பகுதி அமிழ்கிறது.

கே: எந்தத் தூரத்துக்குத் தயாராவது, 200 மீட்டரா, 1000 மீட்டரா?

ப: உடல்வாகோடு ஒலிம்பிக் பட்டியலையும் பாருங்கள். 2016 ரியோவில் பிரேசிலின் கனூ வீரர் இசாகியாஸ் கெய்ரோஸ் 200இல் வெண்கலம், 1000இல் வெள்ளி, இருவர் 1000இல் இன்னொரு வெள்ளி வாங்கினார். அதற்குப் பிறகு ஆண்கள் கனூ 200 நீக்கப்பட்டது. அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் பாடு திண்டாட்டம். டோக்கியோவில் அவர் 1000இல் தங்கம் வென்றார். பெண்கள் கனூ முதன்முதலாகச் சேர்க்கப்பட்டதும் அங்கேதான்: தனியர் 200, இருவர் 500. ஆகவே உங்கள் பட்டியலில் ஒரே தூரம் மட்டும் வேண்டாம்.

கே: பந்தய நடுவில் துடுப்பு உடைந்தால்?

ப: வேறு துடுப்பு தரமாட்டார்கள். 1972 மியூனிக் தகுதிச் சுற்றில் ருமேனியாவின் கனூ வீரர் இவான் பட்சாய்கினின் துடுப்பு உடைந்தது. மிஞ்சிய துண்டோடு எல்லையைக் கடந்ததால் மறுவாய்ப்புச் சுற்று கிடைத்தது, தங்கமும் கிடைத்தது. கைப்பிடி மூட்டிலும், தண்டு படகின் விளிம்பில் உரசும் இடத்திலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் பார்த்துவிடுங்கள்.