மான் வேட்டைக்கு 7 மி.மீ. மேக்னம்: தோட்டாவும் துணைச் சாமானும்

கேள்வி: கொலராடோவில் இருக்கிறேன். கைமாறி வந்த ரெமிங்டன் 700 ரைஃபிள் ஒன்று வாங்கியிருக்கிறேன், 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் (கூடுதல் மருந்துள்ள வலுவான தோட்டா வகை), 24 அங்குலக் குழல். மியூல் டியர் மானுக்குத்தான். கடையில் 139, 150, 160, 175 கிரெயின் (குண்டின் எடை அலகு) என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். வேகம் கூடக் கூட நல்லதுதானே?

இல்லை. மானுக்கு மேக்னமே அதிகம்; .270 வின்செஸ்டர், .308 என்ற சாதாரணத் தோட்டாக்களே அந்த வேலையை ஒழுங்காகவே செய்கின்றன. வாங்கியாகிவிட்டது, அதனால் அதன் சிக்கலைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தச் சிக்கல் 400 கஜத்தில் இல்லை, 40 கஜத்தில் இருக்கிறது.

139 கிரெயின் குண்டை விநாடிக்கு 3,240 அடி என்று பெட்டியில் போட்டு விற்கிறார்கள். புதர் மறைவிலிருந்து மான் திடீரென்று பக்கத்தில் எழுந்தால் குண்டு ஏறத்தாழ அதே வேகத்தோடு போய் மோதும். மெல்லிய செம்பு உறையும் மெத்தென்ற ஈயமும் கொண்ட சாதாரணக் குண்டு அந்த வேகத்தில் தோள் எலும்பில் பட்டால் உள்ளே போவதற்கு முன்பே சிதறிவிடலாம். மேலே பெரிய காயம், நுரையீரலுக்கு ஒன்றும் எட்டவில்லை, மான் ஓடிப்போகிறது. சிதறாமல் போனாலும் தோள் இறைச்சியில் இரண்டு கை அகலத்துக்கு ரத்தம் கட்டி, சமையலுக்கு ஆகாமல் வெட்டி எறிய வேண்டிவரும்.

ஆகவே எடையைப் பார்ப்பதற்கு முன் குண்டின் கட்டமைப்பைப் பாருங்கள். ஈயமும் உறையும் பிரியாமல் ஒட்டவைத்த குண்டுக்கு ‘பாண்டட்’ என்று பெயர். நோஸ்லர் அக்யூபாண்ட், ஃபெடரல் டிராஃபி பாண்டட் டிப் இரண்டும் அந்த வகை. 1948-லிருந்து விற்கும் நோஸ்லர் பார்ட்டிஷன் குண்டில் நடுவே ஒரு செம்புத் தடுப்பு உண்டு. முன்பாதி விரிந்து தேய்ந்தாலும் பின்பாதி முழுசாக உள்ளே போகும். உங்கள் துப்பாக்கிக்கு நான் சொல்வது 160 கிரெயின் பாண்டட் அல்லது பார்ட்டிஷன், வேகம் 2,950 அடியை ஒட்டி. 175 கிரெயின் எல்க், மூஸ் அளவு விலங்குக்கு ஆனது. மானுக்கு அதை வாங்கினால் உங்கள் தோளுக்குத்தான் கூடுதல் அடி.

முழுச் செம்புக் குண்டு வேண்டுமென்றால் பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ் 140 கிரெயினே போதும். அது எடையை இழப்பதில்லை, அதனால் கனமாக வாங்கத் தேவையில்லை. ஆனால் மோதும் வேகம் 2,000 அடிக்குக் கீழே இறங்கினால் செம்பு சரியாக விரியாது. கண்ணுக்குத் தெரிகிறதே என்று மிகத் தூரத்தில் சுட ஆசைப்படாதீர்கள்.

வாங்கும் முறை: முதலில் இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி, அதாவது இருபது இருபது தோட்டா. ஒரே மாதிரி எடையாக இருந்தாலும் ஒரு துப்பாக்கி ஒரு தயாரிப்பை விரும்பும், இன்னொன்றைத் துப்பும். 100 கஜத்தில் மூன்று மூன்றாகச் சுட்டு, நெருக்கமாக விழுவதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு பெட்டியில் அச்சாகியிருக்கும் லாட் எண் (எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் எண்) ஒன்றாக இருக்கும்படி நான்கைந்து பெட்டிகளைச் சேர்ந்தாற்போல் வாங்குங்கள். லாட் மாறினால் குண்டு விழும் இடமும் சற்று மாறலாம். மறுபடி ஜீரோ பார்க்க, அதாவது குறிவைத்த இடத்தில் குண்டு விழும்படி சரிசெய்யத்தான் வேண்டும்.

இன்னொன்று. 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை வந்த எக்ஸ்-மார்க் புரோ டிரிக்கர் உள்ள மாடல் 700 துப்பாக்கிகளை, விசையை இழுக்காமலேயே வெடிக்கக்கூடும் என்று நிறுவனமே 2014-ல் திரும்ப அழைத்தது. கைமாறிய துப்பாக்கி என்பதால், தோட்டாவுக்குப் பணம் போடுவதற்கு முன் டிரிக்கரைத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: கடையில் 7 மி.மீ. பிஆர்சி என்ற தோட்டா தள்ளுபடியில் கிடைக்கிறது. 7 மி.மீ. தானே, பொருந்துமா?

பொருந்தாது, முயலவே முயலாதீர்கள். ஏழு மில்லிமீட்டர் என்பது குண்டின் விட்டத்தை மட்டும் சொல்கிறது; மருந்தை அடைத்திருக்கும் தோட்டா உறையின் வடிவம் வேறு. 7 மி.மீ.-08, 7 மி.மீ. வெதர்பி மேக்னம், 2022-ல் வந்த பிஆர்சி எல்லாமே தனித்தனி. ரெமிங்டனே 1979-ல் தன் .280 தோட்டாவுக்கு ‘7 மி.மீ. எக்ஸ்பிரஸ்’ என்று பெயர் மாற்றி, வாங்குபவர்கள் மேக்னத்தோடு குழம்பியதால் பழைய பெயருக்கே திரும்பியது. குழலில் பொறித்திருப்பதும் தோட்டாவின் அடியில் பொறித்திருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். வேறொருவர் வீட்டில் நிரப்பிய தோட்டாவை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டிச் சுட்டேன். முதல் ஐந்து குண்டு நன்றாக விழுந்தது. பதினைந்தாவதுக்குள் நான்கு அங்குலம் தள்ளிப் போய்விட்டது. போதாததற்கு ஸ்கோப் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிட்டது. ஸ்கோப் கெட்டுவிட்டதா? வேறு வாங்கவா?

இப்போதைக்குப் பர்ஸை மூடி வையுங்கள். ஸ்கோப்பைவிட அதைப் பிடித்திருக்கும் திருகுகள்மேல்தான் எனக்குச் சந்தேகம்.

துப்பாக்கி காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு ஸ்கோப்பைக் கழற்றுங்கள். அடியில் உள்ள பேஸை, அதாவது ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் தகட்டை, கையால் ஆட்டிப் பாருங்கள். மாடல் 700-ல் பேஸ் திருகுகள் 6-48 என்ற மிகச் சிறிய அளவு. எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்கும் ஓட்டையின் ஆழம் குறைவு. அங்கே நீளத் திருகைப் போட்டால் அதன் முனை குழலின் மரையில் போய் முட்டி நின்றுவிடும். திருப்புளிக்கு இறுகியதுபோலத் தெரியும். உண்மையில் பேஸ் இறுகியிருக்காது. மேக்னத்தின் உதையில் பத்துப் பதினைந்து தோட்டாவுக்குள் அது நகரத் தொடங்கும். நீங்கள் சொல்லும் அறிகுறி அப்படியே இதுதான். பேஸோடு வந்த திருகுகளில் எது குட்டையோ அதுதான் முன் ஓட்டைக்கு.

திருகையும் ஓட்டையையும் ஆல்கஹாலால் எண்ணெய் போகத் துடைத்து, பேஸ் திருகில் மட்டும் நீல நிற லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, முடுக்கும் பலத்தை அளக்கும் டார்க் திருப்புளியால் முடுக்குங்கள். ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையத்தின் மேல் திருகுகளுக்கு 15 முதல் 18 அங்குல-பவுண்டு போதும். அங்கே லாக்டைட் வேண்டாம். அது வழவழப்பாக்கி, அளவுக்குமேல் முடுக்கவைத்து, ஸ்கோப் குழாயையே நசுக்கிவிடும். இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்கும்படி மாறி மாறி முடுக்குங்கள். கட்டையையும் இயந்திரத்தையும் சேர்க்கும் அடித் திருகுகளையும் பார்த்துவிடுங்கள். டார்க் திருப்புளி வாங்கும் காசு புது ஸ்கோப்புக்கு முன் எதுவுமே இல்லை.

இவ்வளவும் சரியாக இருந்தும் நகர்ந்தால் சூட்டைக் கவனியுங்கள். மெல்லிய வேட்டைக் குழல், மேக்னம் மருந்து. மூன்று தோட்டாவுக்கு ஒருமுறை நிறுத்தி, குழலைக் கையால் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறவிட வேண்டும். அதற்குப் பிறகும் நகர்கிறது என்றால், நல்ல ஸ்கோப் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்துத்தான் உங்கள் ஸ்கோப்பைக் குற்றம் சொல்ல வேண்டும்.

புருவம் கிழிந்ததற்குக் காரணம் இடைவெளி. மேக்னத்துக்குக் கண்ணிலிருந்து ஸ்கோப்புக்கு மூன்றரை முதல் நான்கு அங்குலம் வேண்டும். பெரும்பாலோர் கடை மேசையில் நின்றபடி பொருத்திக்கொள்கிறார்கள். குப்புறப் படுத்துச் சுடும்போது முகம் முன்னால் போகும், மேட்டை நோக்கிச் சுட்டால் இன்னும் போகும். உருப்பெருக்கத்தை உச்சத்தில் வைத்து, வேட்டைக்குப் போடும் தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு, படுத்த நிலையில் அளந்து மாட்டுங்கள். 3-9x40 (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும்) ஸ்கோப்பே மான் வேட்டைக்குத் தாராளம்.

ஜீரோ பார்ப்பதை 25 கஜத்தில் தொடங்கி 100-க்குப் போங்கள். கால் எம்ஓஏ (ஒரு கிளிக்குக்கு 100 கஜத்தில் ஏறத்தாழ கால் அங்குலம் நகரும்) ஸ்கோப்பில் 100 கஜத்தில் ஒரு அங்குலத்துக்கு நான்கு கிளிக். 25 கஜத்தில் அதே அங்குலத்துக்குப் பதினாறு. 100-ல் ஒன்றரை அங்குலம் மேலே விழும்படி வைத்தால், 160 கிரெயின் குண்டு 200-ல் நேராகவும், 300-ல் ஏறத்தாழ 7 அங்குலம், 400-ல் சுமார் 20 அங்குலம் தாழ்ந்தும் விழும். இது கணக்கு. உங்கள் குழல் எங்கே போடுகிறது என்பதைத் தாளில் சுட்டுத்தான் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: உதை தாங்கவில்லை. குழல் முனையில் மாட்டும் மஸில் பிரேக் போடலாமா? பைபாட் (இருகால் தாங்கி), தோள்வார் எல்லாம் எது வாங்குவது?

பிரேக் உதையைக் கணிசமாகக் குறைக்கும். சத்தத்தை உங்கள் பக்கமும் பக்கத்தில் நிற்பவர் பக்கமும் திருப்பிவிடும். பிரேக் இல்லாமலே ரைஃபிள் வெடிப்பு 160 டெசிபெல் வாக்கில் இருக்கிறது. காது தாங்கும் எல்லை என்று சொல்வது 140. வேட்டையில் மான் எழுந்த அவசரத்தில் காதடைப்பைத் தேட நேரம் இருக்காது. அதனால் முதலில் லிம்ப்சேவர், பேக்மேயர் போன்ற நல்ல ரப்பர் பேட். பயிற்சித் தளத்தில் தோளுக்குக் கூடுதல் மெத்தை, காதுக்குள் பஞ்சடைப்பானும் அதன்மேல் மஃபும். ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது தோட்டாவுக்கு மேல் வேண்டாம். உதைக்குப் பயந்து விசையை வெட்டி இழுக்கிறீர்களா என்று பார்க்க, நண்பரை விட்டு இடையிடையே வெற்று டம்மித் தோட்டாவை உங்களுக்குத் தெரியாமல் செருகச் சொல்லுங்கள். ‘டிக்’ என்ற சத்தத்தோடு குழல் முனை குதித்தால், குற்றம் தோட்டாவிலும் இல்லை, ஸ்கோப்பிலும் இல்லை.

6-9 அங்குல பைபாட் பயிற்சித் தளத்தில்தான் அழகு. சேஜ் புதர் நிறைந்த சரிவில் குழலுக்கு முன்னால் செடிதான் தெரியும். உட்கார்ந்து சுடும் உயரத்துக்கு வரும் முக்காலி வாங்குங்கள். தோள்வார் எதுவானாலும் சரி, கொக்கி உலோகமாக இருக்கட்டும். ஆரஞ்சுச் சட்டையை மறக்காதீர்கள்: கொலராடோவில் ரைஃபிள் பருவத்தில் 500 சதுர அங்குலம் ஒளிர் ஆரஞ்சோ இளஞ்சிவப்போ கட்டாயம், தலையிலும் இருக்க வேண்டும்.

கேள்வி: இதே துப்பாக்கியோடு ஒஹாயோ நண்பர் கூப்பிடுகிறார். கலிஃபோர்னியாவும் போகலாமா?

ஒஹாயோவில் மானுக்கு நேர்ச்சுவர் உறை கொண்ட ரைஃபிள் தோட்டாதான்; கழுத்து ஒடுங்கிய 7 மி.மீ. மேக்னம் செல்லாது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது, செம்பு போன்ற ஈயமில்லாத குண்டு மட்டும். எந்த மாநிலமானாலும் அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கிறேன். நானும் வாங்கலாமா?

குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. அதற்குள்ள விலக்குகளில் ஒன்று, ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம். ஆகவே முதலில் வேட்டைப் பயிற்சி வகுப்பு, பிறகு உரிமம், அதன் பிறகுதான் கடை. உரிமம் காலாவதியான மறுநாள் வீட்டுப் பெட்டியில் இருக்கும் ஒரு தோட்டாகூடக் குற்றமாகலாம். ‘கிரீன் கார்டு நண்பர் பெயரில் வாங்கிக்கொள்கிறேன்’ என்பது தனிக் குற்றம். குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிட்டே கடைக்குப் போங்கள். அந்தக் கட்டணம் ஒரு ஸ்கோப் விலைகூட வராது.