டர்போ மேனுவல் காரை டிராக் ஸ்ட்ரிப்பில் கிளப்புவது எப்படி?

கேள்வி: ஸ்கோடா ஸ்லாவியா 1.5 டிஎஸ்ஐ, 6 ஸ்பீடு மேனுவல் வைத்திருக்கிறேன். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது. 402 மீட்டர் டிராக் (drag) போட்டியில், அதாவது நின்ற இடத்திலிருந்து கிளம்பி நேர்கோட்டில் ஓடும் வேகப் போட்டியில், ஓட்டப் போகிறேன். 2,000 ஆர்பிஎம்மில் கிளட்சை விட்டால் இன்ஜின் திணறுகிறது. 4,000-ல் விட்டால் முன் டயர் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. முதல் 60 அடிக்கே 2.7 விநாடி ஆகிறது. என்ன செய்யலாம்?

பதில்: திணறுவதற்கும் டயர் சுற்றுவதற்கும் காரணம் ஒன்றுதான். கிளட்சை ‘விடுகிறீர்கள்’. இந்த மாதிரிக் காரில் முதல் ஒன்றரை விநாடிக்குக் கிளட்ச் ஹாஃப் கிளட்சிலேயே, அதாவது பாதி பிடித்தும் பாதி வழுக்கியும், நிற்க வேண்டும்.

ஏன் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். இந்த வகைக் கார்களில் முதல் கியரில் 1,000 ஆர்பிஎம்முக்குச் சுமார் 8 கிமீ வேகம். அதாவது 3,000 ஆர்பிஎம் என்றால் 24 கிமீ. ஆனால் கோட்டில் நிற்கும்போது இன்ஜின் 3,000-லும் சக்கரம் பூஜ்யத்திலும் இருக்கின்றன. இந்த வித்தியாசத்தை யாராவது விழுங்கியாக வேண்டும். இன்ஜின் விழுங்கினால் ஆர்பிஎம் சரிந்து திணறும். டயர் விழுங்கினால் வழுக்கும். கிளட்ச் விழுங்கினால் கார் கிளம்பும். மூன்றில் உங்கள் காலுக்குக் கட்டுப்படுவது கிளட்ச் மட்டும்தான். கிளட்ச் வழுக்கிக்கொண்டிருக்கும் வரை சக்கரத்துக்குப் போகும் டார்க்கை (சுழற்றும் விசையை) உங்கள் இடது கால்தான் அளக்கிறது. ஆர்பிஎம் விழாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே வலது காலின் வேலை. கார் 24 கிமீயைத் தொடுவதற்குள் நாலைந்து மீட்டர் ஓடியிருக்கும். அதற்குப் பிறகு காலை முழுதாக எடுத்துவிடலாம்.

டர்போவும் இந்த இடத்தில்தான் வருகிறது. இந்த இன்ஜின் 1,600 முதல் 3,500 ஆர்பிஎம் வரை 250 நியூட்டன் மீட்டர் டார்க் தரும் என்று படித்திருப்பீர்கள். அது பூஸ்ட், அதாவது டர்போ இன்ஜினுக்குள் அழுத்தித் தள்ளும் காற்று, வந்த பிறகு கிடைக்கும் டார்க். நியூட்ரலிலோ கிளட்சை மிதித்துக்கொண்டோ 3,000-ல் உறும விட்டால் இன்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டில் லேசாகத்தான் திறந்திருக்கும். வெளியேறும் புகை குறைவு, அந்தப் புகை தள்ளிச் சுற்றும் டர்போவின் டர்பைன் சோம்பலாகச் சுற்றும், பூஸ்ட் இருக்காது. பூஸ்டுக்கு ஆர்பிஎம் மட்டும் போதாது, சுமை வேண்டும். ஹாஃப் கிளட்சில் வழுக்க விடும்போது அந்தச் சுமை இன்ஜின் மேல் ஏறுகிறது, டர்போ விழித்துக்கொள்கிறது. 2,000-ல் சட்டென விட்டால் ஆர்பிஎம் 1,500-க்கும் கீழே விழுந்து, பூஸ்ட் வரும் எல்லையிலிருந்தே வெளியேறிவிடுகிறது. நீங்கள் உணரும் திணறல் அதுதான்.

கோட்டில் செய்ய வேண்டியது இது. டயர் வழுக்காமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணையுங்கள். ஆன் நிலையில் அது சரியாக நடுவழியில் பவரை வெட்டும். முதல் கியர், ஹேண்ட்பிரேக். கால் பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் சேர்த்து மிதித்தால் இன்றைய கார்களின் இசியூ (இன்ஜினை ஆளும் கணினி) த்ராட்டிலை மூடிவிடும் என்பதால் ஹேண்ட்பிரேக்தான் சரி. 2,800 ஆர்பிஎம்மில் நிறுத்துங்கள். மஞ்சள் விளக்கு வந்ததும் கிளட்சைப் பிடிக்கும் புள்ளி வரை கொண்டுவாருங்கள். காரின் மூக்கு லேசாக அசைவது தெரியும். கியர், டிரைவ் ஷாஃப்ட் ஆகியவற்றில் இருக்கும் ஆட்டம் இதில் ஒடுங்கிவிடும், பிறகு வரும் இழுவை அடியாக இறங்காது. இந்த நிலையில் ஒரு விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. பச்சைக்கு ஹேண்ட்பிரேக்கை இறக்கி, கிளட்சை இன்னும் ஒரு விரற்கடை விட்டு அங்கேயே நிறுத்தி, ஆக்ஸிலரேட்டரைக் கூட்டுங்கள். ஊசி 2,800-க்கும் 3,200-க்கும் நடுவில் அசையாமல் நிற்க வேண்டும். காரின் வேகம் அதை எட்டியதும் கிளட்ச் முழுதாக வெளியே, ஆக்ஸிலரேட்டர் முழுதாகத் தரையில்.

எது தவறியது என்று கண்டுபிடிக்க டேஷ்போர்டை செல்போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஊசி 2,000-க்குக் கீழே விழுந்தால் அடுத்த முறை 200 ஆர்பிஎம் கூட்டுங்கள், அல்லது கிளட்சை இன்னும் நிதானமாக விடுங்கள். ஆர்பிஎம், ஸ்பீடோமீட்டர் இரண்டும் சேர்ந்து தாவினால் டயர் சுற்றுகிறது. ஆர்பிஎம் மட்டும் ஏறி ஸ்பீடோமீட்டர் தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டயர் காற்றையும் ஆர்பிஎம்மையும் ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்றே தெரியாது.

முன்சக்கர இழுவைக் கார் கிளம்பும்போது எடை பின்னால் போகிறது, இழுக்கும் சக்கரம் லேசாகிறது. ஆகவே பின்னால் இருப்பதையெல்லாம் இறக்குங்கள்: ஸ்டெப்னி, ஜாக்கி, டிக்கிச் சாமான். பெட்ரோல் கால் டேங்க் போதும். முன் டயரில் குளிர்ந்த நிலையில் 26 பிஎஸ்ஐ, பின்னால் 36 என்று தொடங்குங்கள். முன்னால் 24-க்குக் கீழே சாலை டயரை இறக்காதீர்கள்; பக்கச்சுவர் நெளிந்து, முடிவுக் கோட்டருகே ஸ்டீயரிங் மிதக்கும். போட்டி முடிந்து வீடு திரும்புமுன் காற்றைப் பழைய அளவுக்கு நிரப்புங்கள். டயரைச் சுழற்றிச் சூடேற்றுவதற்கான, தண்ணீர் தேங்கிய பர்ன்அவுட் பகுதியைச் சுற்றிக்கொண்டு வாருங்கள். சாலை டயரின் பள்ளங்களில் ஏறும் நீர் கோடு வரை கூடவே வந்து சொட்டும். உலர்ந்த இடத்தில் ஒரு சின்னச் சுழற்று, தூசியும் மணலும் உதிரும் அளவுக்குப் போதும்.

கிளம்பும்போது முன்பக்கம் ‘தடதட’வென்று குதித்தால் அந்த நொடியே ஆக்ஸிலரேட்டரை விடுங்கள். அந்த ஓட்டம் போனால் போகட்டும். டயர் பிடித்து விட்டு, பிடித்து விட்டு அதிரும் இந்த வீல் ஹாப்தான் டிரைவ் ஷாஃப்டையும் இன்ஜின் மவுன்டையும் முறிக்கிறது. கீழ் மவுன்டின் ரப்பர் தளர்ந்திருந்தால் இது அதிகமாகும். போட்டிக்கு முன்பே பார்த்து மாற்றிவிடுங்கள்.

ஹாஃப் கிளட்ச் என்றால் சூடு. தீய்ந்த வாசனை வந்தால் குறைந்தது 20 நிமிடம் ஓய்வு கொடுங்கள். அந்த நேரத்தில் பானெட்டைத் திறந்து வைத்தால், டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் ஆறும்; சூடான காற்றை விழுங்கும் டர்போ இன்ஜினின் பவரை இசியூவே குறைத்துவிடும். கிளட்ச் ஏற்கெனவே தேய்ந்திருக்கிறதா என்று அறிய, ஐந்தாவது கியரில் 60 கிமீயில் போய் முழுதாக மிதித்துப் பாருங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் எகிறினால் போட்டிக்குப் போகவே வேண்டாம். இது பந்தயத் தடத்தில் செய்ய வேண்டிய சோதனை, பொதுச் சாலையில் அல்ல. கிளம்பும் பயிற்சியும் அப்படித்தான்.

நின்ற இடத்திலேயே பூஸ்ட் ஏற்றும் டூ-ஸ்டெப் லான்ச் கன்ட்ரோல் போடலாமா என்று யோசிக்கலாம். முழு த்ராட்டிலில் இக்னிஷனைத் தாமதித்து, எரியும் புகையை டர்பைனுக்குள் தள்ளுவதுதான் அதன் வேலை. பூஸ்ட் வரும், ஆனால் எக்ஸாஸ்ட் வால்வும் டர்பைனும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் அந்தச் சூட்டை வாங்கும். உங்களுக்கு டயர் பிடிமானம்தான் குறை, பவர் அல்ல. இந்தக் காருக்கு அது வீண் செலவு.

ஸ்டேஜ் செய்யும்போது, அதாவது காரைத் தொடக்கக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்தும்போது, இரண்டாவது விளக்கு எரிந்த கணமே நில்லுங்கள். முன் டயர் கோட்டில் உள்ள ஒளிக்கற்றையை விட்டு விலகும்போதுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஆழமாகப் போய் நிற்காவிட்டால் சுமார் ஓரடி ஓட்டம் கணக்கில் சேராமல் கிடைக்கிறது. கியரை 5,800-க்கும் 6,000-க்கும் இடையே மாற்றுங்கள். உச்ச பவர் 6,000 வரைதான், சிவப்புக் கோடு வரை இழுப்பதில் லாபமில்லை. சாலை டயரில் இந்தக் காருக்கு 60 அடிக்கு 2.4 விநாடி நல்ல இலக்கு. அங்கே மிச்சமாகும் 0.3 விநாடி, 402 மீட்டர் முடிவில் 0.4-க்கும் மேலாகவே தெரியும்.