எம்.பி.ஆர். பிளான்ட்டில மெம்பிரேன் கழுவக் கழுவ திரும்ப அடைக்குது, புதுசு மாத்தத்தான் வேணுமா?

தம்பி, ஹோட்டல் கழிவுத்தண்ணிய பக்டீரியாவால சுத்தமாக்கி மெம்பிரேன் எண்ட நுண்ணிய வடியால வடிகட்டுற எம்.பி.ஆர். பிளான்ட், குளோரின் போட்டுக் கழுவினா ஒரு கிழமை நல்லா ஓடி மறுகா தண்ணிய இழுக்கிற பிரஷர் ஏறுது, கம்பனிக்காரர் புது மெம்பிரேனுக்கு கொட்டேஷன் தந்திட்டாங்க எண்டு எழுதியிருக்கிறீங்க. மேனேஜர் உங்கட தலையில நிக்கிறாரு எண்டு எழுதாமலே விளங்குது. கையெழுத்து வைக்க முதல் இத ஒருக்கா வாசிங்க. நானும் கிழக்குக் கரையில பாசிக்குடாவில ஒரு ஹோட்டல்ல இதே வேலதான் பாக்கிறன்.

இன்ஜினியர்மார் ஆரும் குறை சொல்ல வருவீங்க எண்டு தெரியும், அதால முதலே சொல்லிப்போடுறன். மெம்பிரேனுக்கும் ஆயுசு இருக்கு, அதின்ட குழல் மாதிரி நார் அறுந்து தண்ணி கலங்கி வந்தா மாத்தத்தான் வேணும், அத நான் மறுக்கல்ல. ஆனா கழுவின உடன பிரஷர் பழைய அளவுக்கு இறங்குதெண்டா அந்த மெம்பிரேன் இன்னும் சாகல்ல. வருத்தம் ஸ்லட்ஜில, அதாவது டேங்குக்குள்ள அழுக்கத் தின்னுற பக்டீரியா நிறைஞ்ச சேத்துத் தண்ணியில. வயித்தில வருத்தம் உள்ளவனுக்கு வாய மட்டும் கழுவி விடுற வேலதான் இப்ப நீங்க செய்றது.

மெம்பிரேன்ட ஓட்டை 0.04 இலிருந்து 0.4 மைக்ரோன் வரைக்கும்தான். பக்டீரியா அத விடப் பெரிசு, வெளியில படிஞ்சாலும் கீழ இருந்து வாற காத்துக் குமிழி தட்டி விட்டிடும். உள்ள போய் ஒட்டிக்கொள்றது பக்டீரியா விடுற பசை, புரதமும் சர்க்கரையும் சேர்ந்த ஜெலி மாதிரிச் சாமான். பக்டீரியா பட்டினி கிடந்தாலோ, திடீரெண்டு உப்போ நஞ்சோ வந்தாலோ இந்தப் பசை கூடும். செத்து வெடிச்சா உள்ளுக்க இருந்த எல்லாமே தண்ணில கலந்திரும்.

எங்கட பக்கம் மாரி முடிஞ்சு கடல் அடங்கினாத்தான் சீசன். மழைக்காலம் முழுக்க ரூமெல்லாம் காலி, பக்டீரியாவுக்கு சாப்பாடு இல்ல, மறுகா சித்திரைப் புதுவருசத்தோட ஒரேயடியா ஹவுஸ்புல். ஒரு முறை சீசன் தொடங்கின உடன பிரஷர் ஏறத் தொடங்கினது நிக்கவே இல்ல. கொழும்பில இருந்து ஆள் வந்து டேங்க எட்டிப் பாத்திட்டு, மெம்பிரேன் முடிஞ்சுது, மாத்துங்க எண்டு சொல்லிட்டுப் போயிட்டாரு. எனக்கு மனசு கேக்கல்ல.

நான் வெள்ளண போன உடன செய்றது, ஒரு லீட்டர் ஸ்லட்ஜ அளவுக் குழாயில எடுத்து 30 நிமிசம் அடைய விடுறது. நல்ல நாளையில மண்ணிறமா கீழ இறங்கி மேல தண்ணி தெளிவா நிக்கும், குழாய்க்கு அங்கால பிடிச்ச பேப்பர வாசிக்கலாம். சில நாளையில மட்டும் மேல தண்ணி வெள்ளக் கலங்கலா நிண்டுது, வடிகட்டுற பேப்பர மடிச்சு 50 மில்லி ஊத்தினா அஞ்சு நிமிசத்தில சொட்டுறதே பெரிய பாடு. லொக் புத்தகத்தப் பிரட்டிப் பாத்தா அந்த நாளெல்லாம் பூல் பொடியன் பேக்வாஷ் அடிச்ச, அதாவது பூல் பில்டருக்குள்ள தண்ணியத் திருப்பி விட்டுக் கழுவின நாளுக்கு அடுத்த நாள். சீசனுக்கு பூலுக்கு குளோரின் அள்ளிப் போடுவாங்கதானே. அவன் அடிக்கிற நேரம் பாத்து எங்கட மேன்ஹோல் மூடியத் திறந்தா குளோரின் மணம் மூக்கில அறையுது. அவன்ட டெஸ்ட் கிட்டிலயே அந்தத் தண்ணிய விட்டுப் பாத்தம், குளோரின் இருந்தா வாற ரோஸ் கலர் அப்பிடியே ஏறிட்டு. பிளான்ல கீறியிருந்தது வேற, மண்ணுக்குள்ள குழாய் போனது வேற.

அந்த லைன வேற டேங்குக்குத் திருப்பினம். மெம்பிரேனால தண்ணி இழுக்கிற பெர்மியேட் பம்ப கொஞ்சம் குறைச்சு ஓட விட்டம், பக்கத்து ஹோட்டல் பிளான்ட்டில இருந்து நல்ல ஸ்லட்ஜ் கொண்டு வந்து போட்டம், பழசக் கொஞ்சம் கொஞ்சமா வெளிய எடுத்தம், எம்.எல்.எஸ்.எஸ்., அதாவது ஸ்லட்ஜ் எவ்வளவு தடிப்பு எண்ட அளவு, லீட்டருக்கு 8000க்கும் 12000 மில்லிகிராமுக்கும் இடையில வந்து நிண்டுது. அதுக்குப் பிறகுதான் முழுக் கழுவல், முதல் குளோரின்ல ஊற வச்சு, நல்லா அலசி, மறுகா உப்புக்கல் படிவுக்கு சிட்ரிக் அசிட். ரெண்டையும் எக்காரணம் கொண்டும் கலக்க வேணாம், குளோரின் வாயு கிளம்பினா ஆளையே சாகடிச்சுப்போடும். முடிஞ்சுது எண்டு சொன்ன அதே மெம்பிரேன்தான் இண்டைக்கும் ஓடுது.

இன்னொண்டு, அடிக்கடி குளோரின் விட்டுக் கழுவுறதில ஒரு பங்கு டேங்குக்குள்ளயும் போகுது, அதுவும் பக்டீரியாவத்தான் அடிக்குது. அப்ப கழுவக் கழுவ பசையும் அடைப்பும் கூடத்தானே செய்யும்.

கேக்காததையும் சொல்றன், இத எழுதாட்டி எனக்கு நெஞ்சு ஆறாது. இந்த வேல செய்ற எங்கள ஹோட்டல் கென்டீன்ல தள்ளி இருக்கச் சொல்ற ஆக்கள் இருக்காங்க. ரூம் போய் கால கழுவிட்டு வந்திருந்தாலும் அதே பார்வைதான். அந்தக் குடா கலங்காம இருக்கிறதுக்கு ராவிராவா காத்தடிக்கிற ப்ளோவர் சத்தத்துக்குள்ள நிக்கிறது ஆரு? வெளியேறுற தண்ணில பி.ஓ.டி., அதாவது மிச்ச அழுக்கின்ட அளவு, லீட்டருக்கு 30 மில்லிகிராமத் தாண்டாமப் பாக்கிறது ஆரு? லைசன்ஸ் புதுப்பிக்கிற நேரம் மட்டும்தான் எங்கட பேர் ஞாபகம் வருது.

சரி, உங்கட விசயம். பூல் பேக்வாஷ், லோன்றி பிளீச், குசினி எண்ணெய், இந்த மூண்டும் எந்த மேன்ஹோலுக்குப் போகுது எண்டு பிளான நம்பாம மூடியத் திறந்து பாருங்க. முன் சல்லடையால தலைமயிர் தப்பி நார்ல சுத்தியிருக்கா எண்டும் பாருங்க. காலம ஒரு லீட்டர் குழாயில என்ன தெரியுது, அண்டைக்கு பிரஷர் என்ன எண்டு ரெண்டையும் ஒரே பக்கத்தில எழுதிக்கொண்டு வாங்க. அதக் கீழ போட்டீங்க எண்டா நானும் சேர்ந்து பாக்கிறன், அதுவரைக்கும் கொட்டேஷன் மேசையில கிடக்கட்டும்.